பயந்தாங்கொள்ளி ஒருத்தியின் ஜிம் விமர்சனம், மாட்டுங்கா கிழக்கு

ஐந்துக்கு மூன்றரை. நாலு கொடுத்திருப்பேன். பெண்கள் உடை மாற்றும் அறைக்காக அரையைக் கழித்துவிட்டேன், அந்தக் கதை கடைசியில்.

டம்பெல் எத்தனை கிலோ வரைக்கும் இருக்கிறது, புரோட்டீன் ஷேக் கிடைக்குமா என்று தேடுகிறவர்களுக்கு இந்த விமர்சனம் உதவாது. ஜிம் வாசல் வரை போய், ஷூ லேசைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிக் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன ஆட்களுக்காக எழுதுகிறேன். நான் இரண்டு தடவை அப்படித் திரும்பியிருக்கிறேன். இரண்டாவது தடவை முக்கால் கிலோ சேனைக்கிழங்கு வாங்கினேன், எங்கள் வீட்டில் யாருக்கும் சேனை பிடிக்காது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி புரியும். வயது 46. திருச்சியிலிருந்து 2004இல் கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தேன், அன்றிலிருந்து மாட்டுங்கா, அன்றிலிருந்து தென்பம்பாயில் ஃபோர்ட் பக்கம் நாற்காலி வேலை. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் என்றால் வயிற்றுவலி வரும் ரகம் நான். கயிறு தாண்டச் சொன்னால் கூட நிற்கிற பிள்ளைகள் சிரிக்கும், டீச்சரும் சேர்ந்து சிரிப்பார். முப்பது வருஷம் கழிந்தும் நாலு பேர் பார்க்க உடம்பை அசைக்க வேண்டும் என்றாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னபோதுகூட, "நடக்கிறேன் டாக்டர், நல்லா நடக்கிறேன்" என்று தப்பிக்கத்தான் பார்த்தேன். நடந்தேன் என்பது உண்மைதான். மாட்டுங்கா மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பூங்கா இருக்கிறதே, நர்மதை ஆறு வளைகிற மாதிரியே நடைபாதை போட்டிருப்பார்கள், அங்கே மாலை நேரத்தில் நர்மதையை முழுக்கக் கடந்து திரும்பி வருவேன். ஆனால் டாக்டர் விடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலைச் சொன்னார்: வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. நடை முதல் பாதிக்குத்தான் ஆகும். மீதிப் பாதிக்கு எதையாவது தூக்கியாக வேண்டும்.

அப்படித்தான் இதற்கு முன்னால் வேறொரு ஜிம்மில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ரோட்டைப் பார்த்த கண்ணாடிச் சுவர், கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக டிரெட்மில், பஸ்ஸில் போகிறவன் எல்லாம் நம்மைப் பார்த்துக்கொண்டே போகலாம். வருஷச் சந்தா 19,000 ரூபாய், ஒரே தவணை, இன்றைக்குக் கட்டினால்தான் சலுகை என்றார்கள், கட்டிவிட்டேன். மொத்தம் மூன்று நாள் போனேன். முதல் நாள் ஒரு மெஷின் மேல் நிற்கவைத்து எடை, கொழுப்புச் சதவீதம் எல்லாம் எடுத்து, ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு எழுதிக்கொள்ள வசதியாக உரக்கப் படித்தான் ஒரு பையன். சோபாவில் நாலு பேர் காத்திருந்தார்கள். அப்புறம் என்னைத் தனியாக உட்காரவைத்து, பெர்சனல் டிரெய்னிங் எடுக்காவிட்டால் முட்டி போய்விடும் என்று அரைமணி நேரம் பயமுறுத்தினார்கள். நான் எடுக்கவில்லை, ஆகவே அதற்குப் பிறகு என்னிடம் யாருமே பேசவில்லை. மூன்றாம் நாள் லெக் பிரஸ்ஸில் உட்கார்ந்தேன். முன்னால் செய்தவர் இரண்டு பக்கமும் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார், ஒவ்வொன்றும் 20 கிலோ, எனக்கு அது தெரியாது. காலால் உந்துகிறேன், அசையவே இல்லை. இறங்கிப் போகவும் வெட்கம், உட்கார்ந்திருக்கவும் வெட்கம். யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தவள்தான், மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. அந்த 19,000 ரூபாயைப் பற்றி என் வீட்டுக்காரர் இன்றைக்கும் "ஜிம்முக்கு மொய் எழுதினது" என்றுதான் சொல்வார்.

இனி இந்த ஜிம். பூக்கடைகள் பக்கத்திலிருந்து நடக்கிற தூரம், பழைய கட்டடம், இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பெயர்ப்பலகையைக் கீழே இருக்கும் கடைக்காரர் தார்ப்பாய் போட்டு பாதி மறைத்திருப்பார். எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி மாமாதான் சொன்னார். அவருக்கு 74 வயது, காலையில் குளித்து விபூதி இட்டுக்கொண்டு அங்கே போய்விட்டு வருகிற மனிதர். "வாம்மா, அங்க ஒண்ணும் புலி கட்டி வெக்கலை" என்றார். புலி இல்லை சரி, கண்ணாடி இருக்குமே மாமா என்று நினைத்துக்கொண்டேன்.

போன நவம்பரில் போனேன். டிரெய்னர் ஒரு தம்பி, தாராவியில் பிறந்து வளர்ந்தவன், பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். தமிழா என்று கேட்டதும் அக்கா என்று ஆரம்பித்துவிட்டான். "அக்கா, டென்ஷன் எடுக்காதீங்க, ஆராம்ஸே பண்ணுங்க" என்கிற அந்த பம்பாய்த் தமிழைக் கேட்டதுமே தோள் ஒரு அங்குலம் இறங்கியது. ஆனால் பயம் குறைந்ததற்கு அவன் தமிழ் பேசியதை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். முதல் இருபது நிமிஷத்தில் அவன் செய்த காரியங்கள்தான் காரணம்.

எடை பார்க்கவில்லை. "அது அப்புறம் பார்க்கலாம், உங்களுக்கு வேணும்னா" என்றான். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, எந்த மின்விசிறி நன்றாகச் சுற்றும், துண்டை எங்கே போட வேண்டும் என்று வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோல் காட்டினான். முட்டி வலி, பிபி, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். அப்புறம் மூன்றே மூன்று மெஷின். ஒவ்வொன்றிலும் அவனே முதலில் உட்கார்ந்து காட்டினான். எடைத்தட்டுகள் அடுக்கியிருக்கும் இடத்தில் ஒரு பின் இருக்கும், அதை எந்தத் தட்டின் ஓட்டையில் சொருகுகிறோமோ அந்தத் தட்டும் அதற்கு மேலே இருக்கும் தட்டுகளும்தான் மேலே எழும்பும். முந்தைய ஆள் 60இல் விட்டுப் போயிருந்தால் நாம் பின்னை உருவி 10இல் போட்டுக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சீட்டுக்கு அடியில் ஒரு குமிழ், அதை இழுத்தால் சீட் ஏறும் இறங்கும். அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஒரு நிமிஷத்தை அந்தக் கண்ணாடி ஜிம்மில் யாரும் எனக்காகச் செலவழிக்கவில்லை. அதனால்தான் 19,000 ரூபாயை மொய் எழுதிவிட்டு வந்தேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இருபத்தைந்தாவது நிமிஷம், "இன்னிக்கு இது போதும் அக்கா, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டான். எனக்கு இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்று இருந்தது. ஒரு ஜிம்மை விட்டு வெளியே வரும்போது அப்படித் தோன்றியது வாழ்க்கையில் முதல் தடவை. பின்னால் கேட்டபோது காரணம் சொன்னான்: முதல் நாளே எல்லாம் செய்யவைத்தால் மறுநாள் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, அப்புறம் ஆளே வராது.

இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தும் வலி வந்தது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை, மறுநாள் மாலைதான் ஆரம்பித்தது. அதற்கடுத்த நாள் காலை மாட்டுங்கா ஸ்டேஷன் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன், பின்னால் வந்த கூட்டம் திட்டிக்கொண்டே தாண்டிப் போனது. பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் இப்படித்தான், ஒரு நாள் கழித்துத் தலைகாட்டி, இரண்டு மூன்று நாள் படுத்திவிட்டுப் போய்விடும். இது தெரியாமல் எதையோ முறித்துக்கொண்டோம் என்று பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, மார்பில் வலித்தாலோ, தலை சுற்றினாலோ அது வேறு விஷயம், அதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும்.

இரண்டாவது வாரம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். டிரெட்மில்லில் நானே வேகத்தைக் கூட்டிவிட்டேன், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துத்தான், வேறென்ன. இரண்டு நிமிஷத்தில் நெஞ்சு படபட, மூச்சு இரைப்பு, கழுத்தில் வியர்வை, காதில் இரைச்சல். எனக்கு பயம் வரும்போதெல்லாம் இதே படபடப்புதான் வரும், ஆபீஸில் நாலு பேர் முன்னால் பேச எழுந்தால்கூட இப்படித்தான். ஆகவே மூளை, ஐயோ வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டது. சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். தம்பி வந்தான், தண்ணீர் கொடுத்தான், "பேசுங்க அக்கா, ராத்திரி என்ன சமையல்?" என்றான். ரசம், உருளைக்கிழங்கு என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு சமமாகிவிட்டது. அவன் சொல்லிக்கொடுத்த கணக்கு இது: பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால் அது கடுமையான வேகம், புதிதாக வருகிறவர் குறைத்துக்கொள்ள வேண்டும். எங்கேயோ வகுப்பில் படித்ததாம். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் உளவியல் படிக்கிறாள். இதயத்துக்கு பயத்தால் ஓடுகிறோமா படியேறி ஓடுகிறோமா என்று வித்தியாசம் தெரியாது அம்மா, படபடப்பு ஒன்றுதான் என்றாள். பயத்தால் அவதிப்படுகிறவர்களுக்கு வேண்டுமென்றே ஒரே இடத்தில் ஓடச்சொல்லி, ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச்சொல்லி, அந்தப் படபடப்பை வரவழைத்து, அது ஒன்றும் செய்யாது என்று உடம்புக்குப் பழக்கிவிடும் சிகிச்சை முறையே இருக்கிறதாம். நான் சந்தா கட்டி அதைத்தான் வாரம் மூன்று நாள் செய்துகொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

(டிரெட்மில் முதலில் எங்கே இருந்தது தெரியுமா? இங்கிலாந்து ஜெயிலில். 1818இல் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர் கைதிகளுக்காகச் செய்த மிதிசக்கரம் அது, மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். டிரெட்மில்லில் ஏறி ஐந்தாவது நிமிஷம் இது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.)

எல்லாரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் பற்றி. மகள் இதற்கும் ஒன்று வைத்திருந்தாள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிலோவிச் என்பவரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு, 2000இல் வெளிவந்தது. மாணவர்களுக்குப் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கும் ஒரு டீ-ஷர்ட், பேரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்டது, அதை மாட்டிவிட்டு மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், பாதிப் பேர் என்று சொன்னார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் மீதி இருக்கிறதே அந்தக் கால்வாசி, அது யார்? இதைத்தான் பயப்படாதே பயப்படாதே என்று எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். பெண்களைப் பொறுத்தவரை சில பேர் நிஜமாகவே பார்க்கிறார்கள், அது நம் கற்பனை இல்லை. இங்கேயும் ஒருவர் இருந்தார். டம்பெல் ரேக் பக்கம் நின்றுகொண்டு செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் (செட் என்றால் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று) கண்ணாடி வழியாகப் பெண்களையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் மூன்று நாள் பொறுத்துவிட்டு முதலாளியம்மாவிடம் சொன்னேன் (முதலாளி என்றால் கணவன் மனைவி இருவரும், மாலையில் அந்த அம்மாதான் கல்லாவில் இருப்பார், மராட்டிக்காரர்). நான் ஏதோ மிகைப்படுத்துகிறேன் என்று அவர் முகம் சுளிக்கவில்லை. அன்றைக்கே அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசினார். அதற்குப் பிறகு அவர் காலை நேரத்துக்கு மாறிவிட்டார் என்று கேள்வி. சுவரில் "வீடியோ எடுக்கக் கூடாது" என்று மராட்டியிலும் இந்தியிலும் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், அதைக் காட்டி ஒரு கல்லூரிப் பையனின் போனைப் பையில் வைக்கச் சொன்னதையும் பார்த்திருக்கிறேன். இந்த ஜிம்முக்கு நான் கொடுக்கும் மூன்றரையில் ஒரு முழு நட்சத்திரம் இதற்குத்தான்.

மற்றபடி பெரும்பாலும் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, அவரவருக்கு அவரவர் தொப்பை. அந்தப் பெரிய புஜக்காரர்கள்தான் எனக்கு அதிகம் பயம், ஆனால் பழகிப் பார்த்தால் அவர்களைப்போல் சாதுவான ஆட்கள் கிடையாது. ஒரு நாள் வெறும் பார்பெல்லைத் தூக்கிப் பார்க்கலாம் என்று போனேன், தட்டு ஒன்றும் மாட்டாத வெறும் கம்பிதானே என்று. வெறும் கம்பியே 20 கிலோ! இரண்டு அங்குலம் எழும்பி, கோணிக்கொண்டு போய் ரேக்கிலேயே டங்கென்று விழுந்தது. அந்த டங்குக்கு எல்லாரும் திரும்பினார்கள், நான் எத்தனை வருஷமாக பயந்துகொண்டிருந்தேனோ அதே காட்சி. ஒரு விநாடி பார்த்தார்கள், திரும்பிக்கொண்டார்கள். பூதம் மாதிரி இருந்த ஒரு பையன் மட்டும் வந்து, இதைவிடச் சின்னதாக அந்த மூலையில் ஒரு கம்பி இருக்கிறது ஆன்ட்டி, அதிலிருந்து ஆரம்பியுங்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனான். ஆன்ட்டி என்றதுதான் வலித்தது.

இன்னொரு கூத்து. லாட் புல்டவுன் என்று ஒன்று, மேலே தொங்கும் கம்பியை மார்பு வரை இழுக்க வேண்டும். அதில் நான் 40 இழுக்கிறேன் என்று வீட்டில் பெருமையடித்து, அம்மாவுக்குத் திருச்சிக்குப் போன் போட்டு, "ஏன்டி, அரிசி மூட்டையா தூக்குற?" என்று அவள் பதறி எல்லாம் ஆனது. அப்புறம்தான் கவனித்தேன், அந்த மெஷின் பழையது, அதில் எழுதியிருப்பது பவுண்டு. 40 பவுண்டு என்றால் 18 கிலோ. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள்: பாதி மெஷினில் கிலோ, பாதியில் பவுண்டு, இரண்டில் எண்ணே அழிந்துபோய்விட்டது. ஒரு மார்க்கர் பேனா வாங்கி எழுதுங்கள்.

நேரம். மதியம் 12 முதல் 4 வரை பெண்களுக்கு மட்டும் என்று போர்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் மதியம் 12 மணிக்கு எந்த வேலைக்குப் போகும் பெண்ணால் வர முடியும்? மாட்டுங்காவில் எல்லா ஸ்டேஷனிலும் நின்று வரும் ஸ்லோ லோக்கல் ரயில்தான் நிற்கும், நான் ஃபோர்ட்டிலிருந்து வந்து சேரவே ஏழரை ஆகிவிடுகிறது. இரவு ஏழிலிருந்து எட்டரை வரைதான் கூட்டம் அதிகம், கல்லூரிப் பிள்ளைகள், ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள், ஒரு மெஷினுக்கு மூன்று பேர் காத்திருப்பார்கள். புதிதாக வருகிறவர் அந்த நேரத்தில் காலை வைக்காதீர்கள், அதிலும் திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதற்கெல்லாம் திங்கட்கிழமை பரிகாரம் செய்ய ஊரே வரும். நான் எட்டே முக்காலுக்குப் போகிறேன், பத்துக்குச் சாத்துகிறார்கள், பாதி இடம் காலியாக இருக்கும். விடியற்காலை முடிந்தால் அதுதான் சொர்க்கம். சனிக்கிழமை மட்டும் ஆறரைக்குப் போவேன். எங்கள் மாமா, அவரைப்போல் இன்னும் மூன்று பேர், டிசம்பரில் மங்கி குல்லா போட்டுக்கொண்டே சைக்கிள் மிதிப்பார்கள், நாலைந்து குஜராத்தி அம்மாக்கள் கைகளைச் சுற்றிக்கொண்டே யார் வீட்டுக் கல்யாணம் எந்த மண்டபத்தில் என்று பேசி முடிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நான்தான் இளசு.

கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் கைகொடுக்க ஒரு வாக்கியம் இருக்கிறது, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "கித்னா செட் பாக்கி ஹை?" எத்தனை செட் பாக்கி என்று கேட்கிறோம். முதல் மாதம் முழுக்க இதைக் கேட்க வாய் வராமல், மெஷின் காலியாகும்வரை தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு முட்டி நின்றிருக்கிறேன். இரண்டு என்பார்கள், அல்லது நீங்களும் நடுவில் செய்துகொள்ளுங்கள் என்று எழுந்து இடம் கொடுப்பார்கள். ஒருத்தர்கூட முறைத்ததில்லை. பதிலுக்கு நாம் செய்ய வேண்டியது, உட்கார்ந்த இடத்தில் வியர்வையைத் துடைப்பது, எடுத்த டம்பெல்லை எடுத்த இடத்தில் வைப்பது, மெஷினில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப் பார்க்காமல் இருப்பது. இந்த மூன்றையும் செய்கிறவரை அங்கே புது ஆள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

என்ன உடை என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் பழைய காட்டன் டீ-ஷர்ட், டிராக் பேன்ட். குஜராத்தி அம்மாக்களில் ஒருவர் சல்வார் கமீஸ், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்வார். தொங்கும் துணி மட்டும் மெஷினில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷூ மட்டும் ஜிம்முக்கென்று தனியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், மழைக்காலத்தில் மாட்டுங்கா ரோட்டு ஷூவோடு உள்ளே வந்தால் தரை என்னாகும் என்று உங்களுக்கே தெரியும்.

காசு. மூன்று மாதத்துக்கு 4,800 ரூபாய், வரி உட்பட. வரியைக் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22இலிருந்து ஜிம்முக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரி போடுகிற இடமென்றால் பில்லில் 5 தான் இருக்க வேண்டும், பழைய வழக்கத்தில் 18 போட்டால் கேளுங்கள். இங்கே கேட்காமலே சரியாகப் போட்டிருந்தார்கள். வருஷச் சந்தா எடுத்தால் மலிவு என்று முதலாளியம்மாவும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். பயந்த சுபாவம் உள்ளவர்கள் எந்த ஜிம்மிலும் வருஷத்துக்குக் கட்டாதீர்கள். கட்டிவிட்டோமே என்பதற்காகப் போய்விடுவோம் என்று நினைப்போம், போக மாட்டோம், போகாத குற்றவுணர்ச்சி சேர்ந்து இன்னும் வாசலை மிதிக்க விடாது. ஒரு நாள் இலவசமாகப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். போகும்போது மெஷினைப் பார்க்காதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் குண்டான ஆளை, வயசான ஆளை டிரெய்னர் எப்படி நடத்துகிறார் என்று கால் மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள், அது போதும்.

இப்போது குறைகள். ஏசி ஒன்று எப்போதும் ரிப்பேர், மற்றொன்று முதலாளியம்மா மேஜைக்கு மேலே. பாட்டுச் சத்தம் அநியாயம், அதிலும் எட்டு மணிக்கு யாரோ ஒருவன் தன் போனை இணைத்துப் போடும் பஞ்சாபிப் பாட்டில் நாம் எண்ணும் எண்ணிக்கையே மறந்துபோகும், எட்டா ஒன்பதா என்று தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன். தம்பி ஞாயிறு லீவு, அன்றைக்கு இருக்கும் டிரெய்னர் போனைவிட்டுத் தலையை நிமிர்த்துவதில்லை, ஆகவே புதியவர்கள் ஞாயிறும் தவிர்க்கவும். டிரெட்மில் நாலில் ஒன்று ஓடும்போது திடீரென்று ஒரு குலுக்கு குலுக்கும். ஜன்னல் பக்கத்திலிருந்து இரண்டாவது, அதில் ஏறாதீர்கள். ஏறினால் அந்தச் சிவப்புக் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள், நாம் பின்னால் போனால் அது பிடுங்கிக்கொண்டு மெஷின் நின்றுவிடும்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. நேற்றும் இரண்டாம் மாடிப் படியேறும்போது வயிற்றில் லேசாக ஒரு பிசைவு இருந்தது. ஆனால் உள்ளே போனதும் எந்த மெஷினில் உட்காருவது, பின்னை எந்த ஓட்டையில் போடுவது, சீட்டு எனக்கு நாலாம் நம்பர் என்று எல்லாம் தெரிகிறது, கைக்கு வேலை வந்துவிடுகிறது, பிசைவு எப்போது நின்றது என்று கவனிப்பதில்லை. பிப்ரவரியில் அடுத்த மூன்று மாதத்துக்கும் கட்டிவிட்டேன்.

கடைசியாக, அந்த உடை மாற்றும் அறை. பெண்களுக்கு ஒரே அறை, நாலடிக்கு மூன்றடி இருக்கும், உள்ளே ஒரே ஒரு கொக்கி. பை, துண்டு, ஆபீஸ் சேலை, எல்லாம் அந்த ஒரே கொக்கியில் தொங்க வேண்டும், தரை எப்போதும் ஈரம். சேலை கட்டி ஆபீஸ் போகிற நாளில் நான் அதை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டுதான் டிராக் பேன்ட்டுக்குள் நுழைகிறேன். தாழ்ப்பாள் பாதிதான் விழும், அதனால் வெளியே இன்னொரு பெண் நிற்க வேண்டும். முதலாளியம்மாவிடம் நாலு தடவை சொல்லியாகிவிட்டது, நாலு தடவையும் "உத்யா" என்றார், நாளைக்கு என்று அர்த்தம். இரண்டு கொக்கியும் ஒரு தாழ்ப்பாளும் சேர்த்து முன்னூறு ரூபாய்கூட ஆகாது. மாட்டிவிட்டால் சொல்லுங்கள், அரை நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன்.